அத்தான் வாங்கிய சர்வர்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் எல்லோரும் அவரை அத்தான் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகைக் காட்டியதும் ‘அத்தான் வந்தாச்சா’, ‘அத்தான் டீ குடிச்சாச்சா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான்: அலுவலகத்தை நடத்துகிற இன்ஜினியர். அவருடைய அக்காவைக் கட்டியவர் இவர். மற்றவர்கள் வாயில் அந்த உறவு முறை பட்டப்பெயராகிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். இந்த மூஞ்சிக்கு அத்தான் ஒரு கேடா என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள்.

அத்தானுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, அத்தானுக்கும் சேர்த்துத்தான். கதவில் ‘மேலாளர்’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுழலும் நாற்காலி ஒன்று. நாற்காலி சுழலும், அதுதான் அந்த அறையில் நடக்கிற ஒரே வேலை என்று டிராயிங் போடுகிற அம்மா சொல்வாள். அந்த அம்மாவுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் ஒல்லி, நடை நேர், பேச்சு அதைவிட நேர்.

இந்த அறைக்கு வந்து சேருவதற்கு முன்னால் அத்தான் கெடுத்த தொழில்களைச் சொன்னால் எனக்கு வாய் வலிக்கும். பாட்டரி விற்கும் கடை வைத்தார். பேரம் பேசிப் பேசி அடிமாட்டு விலைக்கு ஒரு குவியல் பாட்டரி வாங்கிவந்தார், பாதிக்கு மேல் உயிரே இல்லை. அப்புறம் தரைக்குப் போடும் டைல்ஸ். மீந்துபோனதையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார், எல்லாம் வெள்ளைதான், ஆனால் ஒன்றுக்கொன்று சேராத வெள்ளை. வாங்கிப்போனவர்கள் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கடை வாசலில் நின்று கத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும் மனிதருக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று. பேசுவதென்னவோ வாஸ்தவம். என்னத்தை வாங்குகிறோம் என்பதைப் பார்த்தால்தானே.

டைல்ஸ் கடையும் மூடியபிறகு சில மாதம் வீட்டில் இருந்தார். அவருடைய மனைவி ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்:

“இவரை உன் ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வச்சுக்கடா. காலையில வந்து சாயங்காலம் போனாப் போதும். பகல் பூரா இந்த மனுஷனை வீட்ல வச்சிக்கிட்டு என்னால குப்பை கொட்ட முடியாது.”

இதைச் சொல்லும்போது அத்தான் அதே அறையில்தான் இருந்தார். செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் அவரால் முடிந்த எதிர்ப்பு. ஆனால் அந்தச் சில மாதங்கள் அவரை என்னவோ செய்துவிட்டன. எங்கே உட்கார்ந்தாலும் ‘அங்க பெருக்கணும்’, எழுந்து நின்றால் ‘எதுக்கு வழியில நிக்கறீங்க’. பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பளையாக மறுபடி ஆகிவிடக் கூடாது. இந்த உலகத்தில் அவர் பயந்த ஒரே விஷயம் அதுதான். அதனால்தான் மேலாளர் நாற்காலியில் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வந்து சுழன்றுகொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சர்வர் படுத்தது.

சர்வர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. நீளமான தாளில் படம் அச்சடிக்கிற பிளாட்டர் நிற்கும் மூலையில், மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். அலுவலகத்தின் எல்லாப் படங்களும் அதற்குள். வீடு, கடை, பள்ளிக்கூடம் எதுவானாலும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே கம்பி வழியாக அதிலிருந்து திறப்பார்கள், திருத்துவார்கள், திரும்ப அதிலேயே வைப்பார்கள். அது நின்றால் எல்லோர் கையும் நிற்கும். அந்தக் கிழம் இப்போது நினைத்தபோதெல்லாம் நிற்க ஆரம்பித்திருந்தது. பாதி போட்ட படிக்கட்டு, பாதி போட்ட கக்கூஸ் எல்லாம் அப்படியே காணாமல் போயின.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டட வேலை வந்தது. அவர் கட்டடம் எழும்புகிற இடத்திலேயே போய்க் கிடக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் அத்தானின் அறைக்கு வந்தார்.

“அத்தான், புது மிஷின் சொல்லியாச்சு, வந்துடும். அதுல போடறதுக்கு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாக்கணும். விலை நம்ம கைக்கு அடக்கமா இருக்கணும். ஆனா ஆஸ்பத்திரி வேலை நடக்கறப்ப நடுவுல நிக்கக்கூடாது. நம்ம சர்வீஸ்காரர் வருவாரு, அவர்கிட்ட பேசுங்க. இதையாவது நீங்களே பாத்து முடிச்சிடுங்க.”

“விடுங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்,” என்றார் அத்தான். ‘இதையாவது’ என்ற சொல் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்தாள்.

“தம்பி போன் பண்ணான். அத்தானுக்கு முடியலைன்னா வீட்ல ஓய்வா இருக்கட்டுமேக்கா, மாசாமாசம் செலவுக்கு நான் குடுத்துடறேங்கறான். நான்தான் இந்த ஒரு வேலையைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். காலையில கிளம்பிப் போறது உங்களுக்கு வேணுமா வேணாமான்னு நீங்களே யோசிச்சுக்கங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது. அத்தானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சர்வருக்குள் என்ன போடுவது என்பதில் தன் நாற்காலி தொங்குகிறது என்று அவருக்கே புரிந்தது. அவருக்குப் புரிகிற அளவுக்கு விஷயம் அப்பட்டமாக இருந்தது.

சர்வீஸ்காரர் மறுநாளே வந்தார். நடுத்தர வயது, தோளில் பை, குரலை உயர்த்தாத ஆள். அத்தான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு, “ம், சொல்லுப்பா,” என்றார்.

“மூணு வழி இருக்கு சார். சர்வருக்குன்னே விக்கிறது ஒண்ணு. நல்லா இருக்கும். ஆனா விலை சாஸ்தி. அதுக்கு மேல உள்ள வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் தனியா லைசென்ஸ் வாங்கணும்.”

“ஆளுக்கு ஆள் டிக்கெட்டா? பஸ்ஸா ஓட்டறான் அவன்? அடுத்ததைச் சொல்லு.”

“ரெண்டாவது லினக்ஸ். உங்க வேலைக்கு அதுதான் சார் சரி. எத்தனை பேர் வேணும்னாலும் உள்ள வரலாம். விலை கிடையாது.”

“கிடையாதுன்னா?”

“சும்மா.”

“சும்மான்னா எவ்வளவு?”

சர்வீஸ்காரர் அவரை ஒரு தரம் பார்த்தார். “சும்மான்னா சும்மா சார். அதைப் போட்டு, எல்லா மிஷின்லயும் தெரியற மாதிரி செஞ்சு குடுக்கறதுக்கு என் கூலி மட்டும்தான்.”

இங்கேதான் அத்தானின் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாழ்க்கை முழுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தை: எதிராளி ஒரு விலை சொல்ல வேண்டும், இவர் அதை அடித்து அடித்துக் கீழே கொண்டுவர வேண்டும். விலையே இல்லாத பொருளில் எங்கே அடிப்பது? இதை வாங்கினால் மச்சினரிடம் போய் ‘நான் குறைச்சு வாங்கினேன்’ என்று எப்படிச் சொல்வது? யார் போனாலும் சும்மா கிடைக்கிற சாமானை வாங்கிவர மேலாளர் எதற்கு? அவருக்கு ஏமாற்றமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

“சரி, உன் கூலியைக் குறை,” என்றார்.

“அதுல குறைக்க ஒண்ணும் இல்லை சார். உக்காந்து செய்யற வேலை.”

“அவனே சாமானைச் சும்மா குடுக்கறான், நீ அதை எடுத்துப் போடறதுக்குக் கூலியா? நல்ல கதைப்பா. அதுவும் சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்? அவனுக்கு என்ன தலையெழுத்தா? இதுல ஏதோ உள்குத்து இருக்கு.”

சர்வீஸ்காரர் பொறுமையாகத் தன் மடிக்கணினியைத் திறந்து லினக்ஸ் போட்ட வேறொரு சர்வரைக் காட்டினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அத்தான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார்.

“என்னப்பா, ரிப்பேரா?”

“இல்லை சார், இப்படித்தான் இருக்கும். சர்வருக்குப் படம் காட்டி என்ன ஆகணும், மேஜைக்கு அடியில கிடக்கப் போகுது.”

“ஐயே, வேணாம் வேணாம். மூணாவது என்ன?”

சர்வீஸ்காரர் பெருமூச்சு விட்டார். “மூணாவது வீட்டுக் கம்ப்யூட்டருக்குன்னு விக்கிறது. மலிவுதான். ஆனா ஒரே நேரத்துல பத்து மிஷினுக்கு மேல உள்ள விடாது. பதினோராவது ஆள் வந்தா இடமில்லைன்னு சொல்லிடும். உங்ககிட்ட ஆளுங்களே அதுக்கு மேல இருக்காங்க. பிளாட்டர், ஸ்கேனர் வேற ஆளுக்கொரு இடத்தைப் பிடிச்சுக்கும். உங்களுக்கு அது ஒத்து வராது சார்.”

“பத்துப் பேர் ஒரே நேரத்துல வேலை பாத்து இந்த ஆபீஸ்ல நான் கண்ணால பாத்ததில்லைப்பா. நீ விலையைச் சொல்லு.”

வேலை பார்க்காத ஆள் ஒருவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். சர்வீஸ்காரர் விலையைச் சொன்னார். அத்தானின் முகம் மலர்ந்தது. அப்புறம் நடந்ததை வெளியிலிருந்து கேட்டவர்கள் ஏதோ மாட்டுச் சந்தை என்று நினைத்திருப்பார்கள். ‘உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்’ என்றார், எழுந்துபோகிற மாதிரி பாவலா காட்டினார், தன் அறையிலிருந்து தானே எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் சர்வீஸ்காரர் ஆளை விட்டால் போதும் என்று குறைத்துக்கொண்டார். அத்தான் ஒரு மவுஸையும் ஓசியில் வாங்கிக்கொண்டார். சும்மா கிடைத்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, காசு கொடுத்து வாங்கியதில் மிச்சம் பிடித்ததாக அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல.

புது சர்வர் ஓட ஆரம்பித்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார், எப்படிப் பேசினார், எப்படிக் குறைத்தார் என்று. ஸ்கேல் மட்டும் கேட்டாள்:

“லினக்ஸே போட்டிருக்கலாமே சார், சும்மாதானே?”

“உனக்கு விவரம் பத்தாதும்மா,” என்றார் அத்தான்.

விவரம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. காலையில் எல்லோரும் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். முதலில் திறந்தவர்களுக்குப் படம் வந்தது. கொஞ்சம் பிந்தி வந்தவர்களுக்கு, இனி இடமில்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. என்ன தட்டினாலும் அதே பெட்டி. உள்ளே இருக்கும் ஒருவர் வெளியேறினால்தான் வெளியே இருக்கும் ஒருவருக்கு வழி. “யாராவது வெளிய வாங்கப்பா” என்று ஒரு குரல் எழும்பும். “இருங்க, தூணை முடிச்சிட்டு வரேன்” என்று இன்னொரு குரல். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பொதுக் கழிப்பறை வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டார்கள்.

வேறு யாராவது இருந்தால் தவறு செய்துவிட்டோம் என்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டிருப்பார்கள். அத்தான் தவறை ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை. “இதுக்குப் பேர்தான் ஒழுங்கு,” என்று சொல்லிவிட்டார். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு ஜன்னலை சர்வீஸ்காரர் அவருடைய கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுத்திருந்தார். அதில் பெயர்கள் வரும். எந்தப் பெயரையும் தொட்டு வெட்டிவிடலாம், அந்த ஆள் வெளியே விழுவார். அவ்வளவுதான், அத்தானுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கண்கொத்திப் பாம்பாக அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது நாற்காலியை விட்டு எழுந்தால் வெட்டு. போனில் பேசினால் வெட்டு. வெளியே நிற்பவர்கள் அவர் கதவைத் தட்டி, “சார், கொஞ்சம் உள்ள விடுங்க சார்,” என்று கேட்க வேண்டும். “எதுக்கு? என்ன படம்? எவ்வளவு நேரம்?” என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார். படத்தைப் பற்றிச் சொன்னாலும் அவருக்கு ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் விசாரிப்பார்.

ஒரு நாள் ஸ்கேல் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், காலையிலிருந்து போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டு போயிருந்தது. நேரே அறைக்கு வந்தாள்.

“சார், நான் தண்ணி குடிக்கத்தான் போனேன்.”

“தண்ணி குடிக்கறவங்களுக்கு சர்வர்ல என்னம்மா வேலை?”

ஸ்கேல் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு சாதாரண மனிதன் பொசுங்கியிருப்பான். “சார், ஒண்ணு சொல்றேன். நீங்க எந்தப் படமும் திறக்கறதில்லை. நீங்க வெளிய வந்தாலே ஒருத்தருக்கு இடம் கிடைக்கும்.”

“நான் வெளிய வந்துட்டா இந்த ஆபீஸை யாரும்மா பாத்துக்கறது?” என்றார் அத்தான். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்ததை மனைவியே கவனித்தாள்.

“என்ன, ரொம்ப தெம்பா இருக்கீங்க?”

“என்னைக் கேக்காம ஒரு ஈ உள்ள போக முடியாது, தெரியுமா?”

“எங்க?”

“சர்வர்ல.”

“அதுக்குள்ள ஈ எதுக்குங்க போகுது?” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி வேலை உச்சத்துக்கு வந்தபோது அத்தானுக்குப் பல்வலி வந்தது. இரண்டு நாள் தாடையைப் பிடித்துக்கொண்டே வெட்டுக் கத்தியைச் சுழற்றினார். மூன்றாவது நாள் தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் லீவு போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனார். பல் டாக்டரிடமும் பேரம் பேசினார் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய கம்ப்யூட்டர் அன்று அணைந்திருந்தது. சர்வரில் ஒரு இடம் காலியானது. யாரோ அதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாள் வாயில் பஞ்சோடு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். ஜன்னலைத் திறந்தார். இனி இடமில்லை என்று அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்றது.

அத்தான் மறுபடி தட்டினார். மறுபடி அதே. உள்ளே இருந்தால்தான் அந்த ஜன்னல் திறக்கும், ஜன்னல் திறந்தால்தான் யாரையாவது வெட்ட முடியும். சர்வர் இருக்கும் மேஜைக்குப் போய் அதிலேயே உட்கார்ந்து வெட்டலாம். ஆனால் அது பிளாட்டருக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணெதிரே. மேலாளர் தரையில் குனிந்து என்ன செய்கிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கதவைத் திறந்துகொண்டு போய் ‘யாராவது வெளிய வாங்கப்பா’ என்று அவரும் நிற்க வேண்டும். செத்தாலும் அதைச் செய்ய மாட்டார். கொஞ்ச நேரத்தில் யாராவது எழுந்துபோவார்கள், சத்தமில்லாமல் நுழைந்துவிடலாம் என்று காத்திருந்தார்.

யாரும் எழுந்துபோகவில்லை, அல்லது போன கையோடு இன்னொருவர் நுழைந்துவிட்டார். அன்று மாலை வரை பெட்டிதான். மறுநாளும் பெட்டிதான். வெளியே அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்: தூண் பார்ப்பவர்கள் காலையில், குழாய் பார்ப்பவர்கள் மதியம், அச்சடிக்கும்போது மட்டும் பிளாட்டர். எழுந்துபோனவர் படம் அப்படியே இருந்தது. யார் படிக்கட்டும் காணாமல் போகவில்லை. கத்தல் நின்றது. ஆஸ்பத்திரி மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தது.

அத்தான் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ‘உள்ள விடுங்க சார்’ என்று யாராவது தட்டினால் தேவலை என்று இருந்தது. கதவை ஒருக்களித்து வைத்தார். இருமினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார், எல்லோரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் நிமிர்ந்து “சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். அறைக்குத் திரும்பி வந்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. பல் பிடுங்கிய இடத்தைவிட அதிகமாக வேறு எங்கோ வலித்தது. நான் இந்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன், ஆனால் வலித்தது உண்மை.

அந்த வாரம் முழுக்க அவர் வெளியேதான் இருந்தார். யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரிப் படங்களை ஒப்படைக்க வேண்டிய நாளன்று இன்ஜினியர் வந்தார். வெயிலில் கறுத்துப்போயிருந்தார், ஆனால் முகத்தில் சந்தோஷம். எல்லோர் மேஜையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அத்தான், சும்மா சொல்லக்கூடாது, ஒரு தகராறும் இல்லாம ஓடியிருக்கே,” என்றார். அத்தானுக்கு உயிர் திரும்பி வந்தது. “அதான் சொன்னேனே மாப்ள, நான் பாத்துக்கறேன்னு,” என்றார்.

இன்ஜினியர் பிளாட்டர் மேஜையில் தன் மடிக்கணினியை விரித்து, கடைசியாக ஒரு முறை படங்களைப் பார்த்துவிடலாம் என்று சர்வரைத் திறந்தார். சின்னப் பெட்டி வந்தது.

“என்ன இது?”

ஸ்கேல் வந்து விளக்கினாள். பத்துப் பேர் கணக்கை, அத்தான் தள்ளிவிட்ட லினக்ஸை, பேசி வைத்துக்கொண்டதை எல்லாம் நாலு வாக்கியத்தில் சொல்லிமுடித்தாள். இன்ஜினியர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி, எனக்கு இப்ப ஒரு இடம் வேணும். யாரு வெளிய வர முடியும்? அத்தான், நீங்க கொஞ்சம் வெளிய வாங்களேன்.”

அத்தான் ஒரு நொடி நின்றார். “இதோ,” என்று அறைக்குள் போனார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ நாலு தட்டுத் தட்டினார், வெளியே கேட்கும்படி. திரும்பி வந்து, “வந்துட்டேன் மாப்ள. இப்பப் பாருங்க,” என்றார்.

இன்ஜினியர் திறந்தார். இனி இடமில்லை.

“இன்னும் உள்ளதான் இருக்கீங்க போல அத்தான். நல்லாப் பாருங்க.”

அத்தான் மறுபடி உள்ளே போனார். இந்த முறை கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு வந்தார். இன்ஜினியர் திறந்தார். அதே பெட்டி. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அணைச்சுமா இடம் வரலை?” என்றார் இன்ஜினியர்.

“மாப்ள,” என்றார் அத்தான். “நான் உள்ளயே இல்லை.”

“எப்பலேருந்து?”

“பல்லு பிடுங்கினதுலேருந்து.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அத்தான் கோபப்பட்டுக் கத்தியாவது தப்பித்திருப்பார். இன்ஜினியர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஒரு வாரமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் இருக்க வேண்டும். கேட்காமல் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சார், நான் வெளிய வந்துடறேன்,” என்று ஸ்கேல் தன் இடத்துக்கு நடந்தாள்.

“ஐயோ, நீங்க வேணாம்,” என்று ஒரு மூலையிலிருந்து ஒருவர் சொன்னார். “நீங்க வந்தா ரெண்டாம் மாடி அப்படியே நின்னுடும்.” “நான் வர்றேன், என்னது குழாய்தான், அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார் இன்னொருவர். “நீங்க இல்லாட்டி நான் எப்படி வேலை பாக்கறது” என்று அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். யாரை வெளியே அனுப்புவது என்று அவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதமே நடந்தது. அத்தான் பிளாட்டர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஸ்கேனரை அணைத்து இடம் பிடித்தார்கள். இன்ஜினியர் படங்களைப் பார்த்தார், இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், எல்லாம் சரி என்றார். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு, “நீங்க முதல்ல சொன்னீங்களாமே அந்த லினக்ஸு, அதையே வந்து போட்டுடுங்க,” என்றார். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அத்தானின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அத்தான், நாளையிலேருந்து நீங்க அலைய வேணாம்.” குரல் மரியாதையாகத்தான் இருந்தது. “அக்காகிட்ட நானே பேசிக்கறேன். இப்பவே போன் பண்ணிடறேன்.”

அத்தான் பேரம் பேசவில்லை. அந்த வாய்க்கு ஒரு எண்கூட வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப வேணாம் மாப்ள. சாயங்காலம் பண்ணுங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போனா உங்கக்கா ஏன் வந்தீங்கன்னு கேப்பா. வழக்கமாப் போற நேரம் வரைக்கும் இங்கயே உக்காந்துட்டுப் போறேனே.”

“உக்காருங்க அத்தான்,” என்றார் இன்ஜினியர். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, வெளியே போய்த் தன் வேலையைப் பார்த்தார்.